விசிலுக்கு வராதவள்

மாட்டைப் பார்க்கச் சீட்டு வாங்கும் காலம் ஒன்று வரும் என்று குருசாமியிடம் யாராவது சொல்லியிருந்தால், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பார் மனிதர். சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் காலமெல்லாம் காவல் இருந்தவர் அவர். போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது அவருடைய மகள் சிவரஞ்சனி, தனக்கும் புருஷன் ஜெயபாண்டிக்கும் இரண்டு முழுச் சீட்டும், ஐந்து வயது மகள் கோதைக்கு ஓர் அரைச் சீட்டுமாகப் போனிலேயே வாங்கி வைத்திருந்தாள். எந்தத் தோப்புக்கு வாங்கினோம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

ஏற்பாடெல்லாம் நூர்னிசாவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சேக் முகைதீனின் மனைவி அவள். அவள் மகள் இர்ஃபானாவும் கோதையும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்து அம்மாமாரின் வாட்ஸ்அப் குழுவில் 'பண்ணையில் ஒரு நாள்' என்ற விளம்பரத்தைப் போட்டதும் அவள்தான். பால் கறக்கலாம், டிராக்டரில் போகலாம், தொட்டியில் குளிக்கலாம், மாங்காய் பறிக்கலாம். இடம் ராஜபாளையம் பக்கம் என்று மட்டும் இருந்தது. ராஜபாளையம் பக்கம் தோப்புக்கா பஞ்சம்? சிவரஞ்சனி சரியென்று எழுதிப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புளியோதரையை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கிளப்பும் வேலை ஜெயபாண்டிக்கு. மில்லில் ஷிப்டு சூப்பர்வைசர். நூறு பேரை வேலை வாங்குகிறவருக்கு ஒரு பிள்ளையின் சட்டைக் கொக்கியை மாட்டத் திணறல். கோதை தானே ஒரு பாவாடை சட்டையைக் கொண்டுவந்து நீட்ட, விட்டது தொல்லை என்று அதையே மாட்டி, மேலே ஒரு துண்டையும் போர்த்தித் தூக்கிக்கொண்டு, எல்லோருக்குமாகப் பேசியிருந்த வேனில் ஏறிவிட்டார். வேன் மடவார் வளாகத்தைத் தாண்டிய பிறகுதான் துண்டு விலகியது. மாம்பழக் கலர் பட்டுப் பாவாடை, பச்சைக் கரை. சிவரஞ்சனி சட்டென்று துண்டை இழுத்து அதை மூடினாள்.

அது பொன்மணியின் பாவாடை.

பொன்மணி சிவரஞ்சனியின் தங்கை. ஐந்து வயதில் இறந்தவள். அவர்கள் குடும்பத்தில் சின்ன வயதில் போன பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி. தை மாதக் கடைசி வெள்ளியில் புதுத்துணி எடுத்து அதில் வைப்பார்கள். அது ஒரு வருடம் அவளுடையது. அடுத்த தையில் புதுசு வைத்த பிறகு, பழையதை எடுத்து வீட்டிலிருக்கும் பெண்பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். அதுவரை யாரும் தொடக் கூடாது. ஆண்வாரிசு இல்லாத வீடு. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு பெட்டி சிவரஞ்சனியோடு வந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக எடுப்பது ஐந்து வயது அளவுதான். செத்த பிள்ளைக்கு வயது ஏறவா போகிறது? இந்தத் தையில் சேக் முகைதீன் கடைக்குக் கூட வந்த கோதைதான் கலரைக் காட்டினாள். காட்டியவள் கண் அதிலேயே இருந்திருக்கிறது, பெட்டியைத் திறந்துவிட்டாள்.

புருஷனிடம் காதோடு காதாகச் சொன்னாள். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது, சாயங்காலம் அலசிப் பெட்டியில் வைத்துவிட்டால் போகிறது, சாமி இதற்கெல்லாமா கோபித்துக்கொள்ளும் என்று சமாதானம் சொன்னார். மாற்றுத்துணி எடுத்துவரத் தோன்றாத மனிதரிடம் வேறென்ன பேசுவது.

வேன் ராஜபாளையத்தைத் தாண்டியது. சேத்தூரும் போனது. கால்வாய்ப் பாலத்தில் மேற்கே திரும்பியபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடியிலேயே இரண்டாகப் பிரிந்த புளியமரம் ஒன்று நின்றது. அந்த மரத்தை அவளுக்குத் தெரியும். அதிலிருந்து இடது பக்கம் எத்தனையாவது மாமரத்தில் சப்பட்டை மாங்காய் காய்க்கும் என்பதுகூடத் தெரியும். தோப்புக்குப் புது வாசல், புது போர்டு, உள்ளே சிமெண்டில் செய்த ஒரு காளை. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது.

வேனை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். என் தங்கச்சி செத்த இடம் என்றால் பாவம் என்று திருப்பியிருப்பார்கள். ஆனால் எப்படிச் செத்தாள் என்று ஒரு வாய் கேட்கும். அந்தக் கேள்விக்கு அவள் ஒன்பது வயதில் ஒரு பதில் சொல்லியிருந்தாள். பெற்றவர்களும் புருஷனும் நம்பியது அதைத்தான். ரெண்டு பேரும் தூங்கினோம், அவ எப்ப எந்திரிச்சுப் போனாளோ தெரியல என்ற பதில்.

நடந்தது வேறு. அன்று குருசாமி செட்டியார்பட்டிக்குச் சாக்கு வாங்கப் போயிருந்தார். அம்மா தோப்பின் மறுகோடியில் உதிர்ந்த காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அக்காளும் தங்கையும் கண்ணாமூச்சி ஆடினார்கள். அவர்கள் ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தேடுகிறவள் 'தோத்துட்டேன், வெளிய வா' என்று சத்தமாகச் சொன்னால்தான் ஒளிந்தவள் வரலாம்; என்ன ஆனாலும் அதுவரை மூச்சுக் காட்டக் கூடாது. சிவரஞ்சனி மாமரத்தில் முகத்தைப் புதைத்து ஐம்பது வரை எண்ணினாள். எண்ணி முடிக்கும்போது ரோட்டில் ஐஸ்காரர் ஹாரன் கேட்டது. இரண்டு மாம்பழம் கொடுத்தால் ஒரு பால் ஐஸ் கொடுப்பார் அவர். அவள் பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஐஸைத் தின்று முடித்து, குடிசைக் கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கியும் போனாள். பொன்மணி ஒளிந்திருந்தது கிணற்றின் உட்படியில். எத்தனை நேரம் அந்தப் படியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ, எப்போது கால் வழுக்கியதோ, யாருக்கும் தெரியாது. சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

தூக்கத்தில் நடந்து போய் விழுந்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அம்மா சாகும்வரை அதையே நம்பினாள். சிவரஞ்சனி அதன் பிறகு யாரோடும் கண்ணாமூச்சி ஆடியதில்லை. கோதை கெஞ்சிக் கேட்டபோதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு ஆட்டம் சொல்லிக் கொடுத்தாள்.

பண்ணையில் அவர்களை வரவேற்றது மாரிசெல்வம் என்ற வாட்டசாட்டமான இளைஞன். காதில் மைக், கழுத்தில் விசில். பிள்ளைகளை வரிசையாக விட்டுப் பசுவின் காம்பைத் தொட வைத்தான். பசு பாவம், இப்படி எத்தனை ஞாயிறு பார்த்ததோ, அசை போட்டபடி நின்றது. கோதை கன்றுக்குட்டிக்கு அகத்திக்கீரை ஊட்டினாள். பட்டுப் பாவாடையோடு வைக்கோலில் உருண்டாள். மற்ற நாளாக இருந்தால் சிவரஞ்சனி முதுகில் ஒன்று வைத்திருப்பாள். இன்று அவள் பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தாள். விரல் சிவந்துபோய், வலிக்குதும்மா என்று பிள்ளை இழுத்துக்கொண்டது.

கிணறும் அங்கேதான் இருந்தது. வாயை முழுக்க இரும்பு வலை போட்டு மூடி நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் போட்டோ எடுக்க ஒரு ஊஞ்சல். படி இறங்கும் பக்கம் வலையில் ஒரு சின்னக் கதவு. அதன் கொண்டியில் பூட்டு இல்லை. சிவரஞ்சனி மாரிசெல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். மோட்டார் பார்க்கிற ஆள் வரணுங்கக்கா, வந்து பூட்டிருவாப்ல என்று சொல்லிவிட்டு அவன் டிராக்டர் பக்கம் போனான். அவள் தன் கைக்குட்டையை எடுத்துக் கொண்டியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் டப்பாக்களைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். பிள்ளையை ஜெயபாண்டியிடம் ஒப்படைத்து, கண்ணை எடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். நடுவில் மில்லிலிருந்து அவருக்கு ஒரு போன். அதே நேரத்தில் மாரிசெல்வம் மைக்கில் அந்தக் காலத்து விளையாட்டு என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டினான். அவன் கண்ணை மூடி எண்ணுவான், எல்லோரும் ஒளிய வேண்டும், விசில் அடித்தால் ஓடிவர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

டப்பாவோடு அவள் திரும்பும்போது விசில் ஊதிக்கொண்டிருந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பதினான்கு பேர் ஒளிந்தார்கள். பதின்மூன்று பேர் வந்தார்கள்.

மாரிசெல்வம் மறுபடி ஊதினான். மூன்றாம் தடவை ஊதும்போது அவன் முகமே மாறிவிட்டது. ஜெயபாண்டி போனைப் பையில் போடக்கூட மறந்து கோதை, கோதை என்று ஓடினார். மாட்டுக் கொட்டகை, டிராக்டருக்கு அடியில், குளிக்கிற தொட்டி, பழைய மோட்டார் ரூம் என்று ஆளாளுக்கு ஒரு திசையில் போனார்கள். மோட்டார் ரூமை மட்டும் இரண்டு பேர் திறந்து பார்த்துவிட்டு வந்தார்கள். உள்ளே ஒரு சாக்குக் கட்டும் ஒட்டடையும்தான்.

நூர்னிசா தன் மகளைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தாள். இர்ஃபானா பயந்துபோயிருந்தாள். மெதுவாகத்தான் பேச்சு வந்தது.

"கோதை விசிலுக்கு வர மாட்டாம்மா. விசில் பொய்யாட்டமாம். தேடுறவுக தோத்துட்டேன், வெளிய வான்னு சொன்னாத்தான் வரணுமாம்."

"யாரு சொன்னா அப்பிடி?" என்று சிவரஞ்சனி கேட்டாள்.

இர்ஃபானா கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

அந்தச் சட்டம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இருபத்தாறு வருடமாக அதை வாயில் எடுத்ததில்லை. சிவரஞ்சனி ஓடினாள். கைக்குட்டை தரையில் கிடந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது, அறுந்திருக்கவில்லை. கதவு திறந்து கிடந்தது.

ஜெயபாண்டி படியிறங்கிப் போய்ப் பார்த்தார். தண்ணீர் இருபதடி கீழே கறுப்பாக, சலனமில்லாமல் கிடந்தது. படியில் ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் துழாவப் பாதாளக்கரண்டி கொண்டுவரச் சொல்லி யாரோ கத்தினார்கள், யாரோ தீயணைப்புக்குப் போன் போட்டார்கள். அவர் மேலே வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சிவரஞ்சனி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் கோதையைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட வேண்டியது கோதையை இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிட்டால் இத்தனை பேர் முன்னால் தன் யோக்கியதை தெரிந்துவிடும், புருஷனுக்கும் தெரிந்துவிடும். அந்த நேரத்திலும் அவள் மனசு அதைக் கணக்குப் பார்த்தது. அப்படிப் பார்த்ததற்காகவே தன்னை வெறுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"பொன்மணி, நான் தோத்துட்டேன். வெளிய வா."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்னைய நான் தேடவே இல்லட்டி. ஐஸ் வாங்கப் போயிட்டேன். தூங்கினோம்னு அம்மாகிட்டப் பொய் சொன்னேன். நீ தோக்கல, நாந்தான் தோத்தேன். போதும், வெளிய வா."

ஜெயபாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் ரூம் கதவு கிறீச்சிட்டது. இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்த அந்த அறையிலிருந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கோதை வந்தாள். உடம்பில் வெறும் சிம்மீஸ். தலையெல்லாம் ஒட்டடை. சிவரஞ்சனி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் ஆள் நிற்பதை மறந்து அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகுதான் பாவாடை எங்கே என்று கேட்டாள்.

"அது அவியளோடதாம்மா. கேட்டாவ, குடுத்துட்டேன்" என்றாள் கோதை. "போட்டுப் பாத்தாவ. கையே நொழையல. எம்புட்டு வருசம் இதையே தாராவன்னு அழுதாவ."

"யாருட்டி? சின்னப் பிள்ளையா?"

கோதை இல்லையென்று தலையாட்டினாள். எழுந்து நின்று, அம்மாவையும் எழுப்பி நிறுத்தி, கையைத் தூக்கி அவள் தலைக்கு நேராகக் காட்டினாள்.

"உன் அம்புட்டு உசரம்."

கிணற்றுக் கதவைச் சாத்தப் போன ஜெயபாண்டி கையில் பாவாடை சட்டையோடு திரும்பி வந்தார். மேல் படியில் மடித்து வைத்திருந்ததாம். சற்று முன் அவர் கால் வைத்து இறங்கி ஏறிய படி அது. சட்டையின் இரண்டு கையிலும் அக்குள் தையல் விட்டுப் போயிருந்தது.

திரும்பும்போது வேனில் யாரும் பாடவில்லை. மாரிசெல்வம் ஆளுக்கொரு பை மாங்காய் கொடுத்து அனுப்பியிருந்தான்; அதை யாரும் மடியில் வைத்துக்கொள்ளவில்லை. இர்ஃபானா ஜன்னலோரம் காலியாக இருந்த சீட்டில் உட்காரப் போனாள். கோதை அவளைத் தடுத்து, அங்க ஆள் இருக்கு என்றாள். நூர்னிசா மகளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

வீட்டு வாசலில் வைத்து ஜெயபாண்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்கம்மாகிட்ட கடைசியிலயாவது சொன்னியா?"

"இல்ல" என்றாள் அவள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு நான்கு நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், ஷிப்டுக்குப் போனார், வந்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. தை வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கோதையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். அவளைக் கண்டதும் சேக் முகைதீன் வழக்கம்போல ஐந்து வயதுப் பட்டுப் பாவாடைக் கட்டை எடுத்துப் போட்டார். இது வேண்டாம், சேலை காட்டுங்கள் என்றாள். யாருக்கு என்று கேட்டார்.

"என் தங்கச்சிக்கு, பாய். முப்பத்தியோரு வயசு."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அளவு சொல்லாமலே அத்தனை வருடம் துணி கொடுத்தவருக்கு அந்தத் தங்கச்சி யாரென்று தெரியாதா? உள்ளேயிருந்து நூர்னிசா வந்தாள். புருஷனை நகரச் சொல்லிவிட்டுத் தானே சேலைகளைப் பிரித்துப் போட்டாள். மாம்பழக் கலரில் பச்சைக் கரை வைத்த ஒன்றைக் கோதை தொட்டாள். கூட ஒரு ஜாக்கெட் தைக்க வேண்டும், அளவு என்ன என்று நூர்னிசா கேட்டபோது, சிவரஞ்சனி தன் கையை நீட்டினாள். நூர்னிசா டேப்பை எடுத்து அளந்தாள். இன்னொரு தடவையும் அளந்து சரிபார்த்து எழுதிக்கொண்டாள்.

ஜாக்கெட் அடுத்த நாள் சாயங்காலம் வந்தது. விளக்கேற்றிவிட்டு ஓலைப்பெட்டியை இறக்கினாள். அது ஐந்து வயதுப் பிள்ளையின் துணிக்காக முடைந்த பெட்டி. சேலையை எத்தனை மடிப்பு மடித்தாலும் மூடி உட்காரவில்லை. அழுத்தி மூடப் பார்த்தாள், ஓலை முறியும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அழுத்த அவளுக்கு மனசு வரவில்லை. மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

கோதை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அவிய இனிமே கெணத்துக்குப் போக மாட்டாவளா?"

"மாட்டாவ."

"பொறவு எங்கன இருப்பாவ?"

சிவரஞ்சனிக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு அறை. சமையலறையில் இருட்டு விழுந்துவிட்டது. ஆனால் வெளியே வா என்று கூப்பிட்டது அவள். இருபத்தாறு வருடம் பிந்திக் கூப்பிட்டும் வந்தவளை, இனி எங்கே போய் ஒளியச் சொல்ல முடியும்?

"இங்கனதான்" என்றாள்.

சமையலறையில் லைட் எரிந்தது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஜெயபாண்டி சாப்பிடுவதற்காகத் தானே தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாள். நான்கு தட்டு. அவர் நிமிர்ந்து பார்க்காமல், நான்காவது தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்.